சிறு பலகைக் கணிப்பொறியும் நம்மூர் நேரமும்

தோற்றுவாய்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறியின் அமைவுகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். நன்னூலும் யாப்பும் கற்பிக்கும் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொள்ள நேர்ந்ததற்கு ஒரு மழைக்காலமே காரணம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடற்கரையை ஒட்டியே வடக்கு நோக்கி ஊர்ந்து சென்றது. 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லாவுக்கு அருகே அது கரையைக் கடந்தது. இடைப்பட்ட பொழுதில் முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை முதலிய தென்புறநகர்ப் பகுதிகள் நீரால் சூழப்பட்டதையும், பல தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்ததையும் நம்மில் பலர் நேரில் கண்டோம். எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் 4ஆம் நாள் விடியலில் நின்ற மின்சாரம் 6ஆம் நாள் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னர்த் திரும்பியது. விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் சுழன்றன, சுவரில் தொழுகை நேரங்களைக் காட்டும் மின்பலகையும் உயிர்பெற்றது. ஆனால் அப்பலகை, 'டிசம்பர் 4, காலை மணி 5.20' என்று காட்டி, சுப்ஹுத் தொழுகையை நோக்கி நொடிகளை எண்ணத் தொடங்கியது. வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், "என்ன ஹஜ்ரத், நேரம் அப்படியே நின்னு போச்சா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. மோதினார் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பாங்கு சொன்னார்.

அப்பலகையின் பின்னே இருந்தது ராஸ்ப்பெரி பை என்னும் சிறு பலகைக் கணிப்பொறி. அதனைப் பொருத்திய இளைஞர் வேலை தேடி வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டார். கடவுச்சொல் அவருடைய நினைவிலேயே இருந்தது. ஜமாஅத்துச் செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க காலேஜுல இருக்கீங்க, கொஞ்சம் பாருங்க பாய்" என்றார். கல்லூரியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. கணிப்பொறியியல் பயிலும் மாணவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நான் கற்றவற்றையே இங்குப் பாடமாகத் தருகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிவழியே தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கருவியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவேண்டும்.

கருவியின் இயல்பு

ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே பலகையில் செயலி, நினைவகம், திரைக்கும் விசைப்பலகைக்கும் உரிய இணைப்புகள் ஆகிய அனைத்தையும் அடக்கிய கணிப்பொறி இது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், மாணவர்கள் குறைந்த செலவில் நிரலாக்கம் பழகவேண்டும் என்னும் நோக்கோடு உருவாக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அன்று அதன் விலை 35 டாலர். பின்னர்ப் பல வகைகள் வந்துள்ளன. எங்கள் பள்ளிவாசலில் இருப்பது 2019இல் வெளியான நான்காம் வகை.

மேசைக் கணிப்பொறியைத் திறந்து பார்த்தவர்கள் அதன் உட்பலகையில் நாணயம் போன்ற ஒரு மின்கலம் பொருத்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். மின்சாரம் இல்லாத பொழுதும் உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓடச்செய்வது அது. ராஸ்ப்பெரி பையின் முதல் நான்கு வகைகளில் அந்தக் கடிகாரமும் இல்லை, மின்கலமும் இல்லை. விலையைக் குறைப்பதற்காக விடப்பட்டவற்றுள் இவையும் அடங்கும். 2023இல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. ஆயினும் மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்தவேண்டும்.

அவ்வாறாயின் இக்கருவி நேரத்தை எவ்வாறு அறிகிறது? விழித்தெழுந்ததும் இணையத்தின் வழியே நேரம் வழங்கும் கணிப்பொறிகளிடம் கேட்டு அறிகிறது. இணையம் கிடைக்காவிடில், தான் கடைசியாக எழுதிவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. 'ஃபேக் எச்டபிள்யூ கிளாக்', அதாவது போலிக் கடிகாரம், என்னும் சிறுநிரல் மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை நினைவட்டையில் குறித்துவைக்கிறது. டிசம்பர் 6ஆம் நாள் மின்சாரம் வந்தது, இணையம் வரவில்லை. ஆகவே கருவி 4ஆம் நாள் காலையில் தான் எழுதிய இறுதிக் குறிப்பைப் படித்து, அதுவே இந்நேரம் என்று கொண்டது. பழுது என்று நாங்கள் எண்ணியது பழுதன்று. கருவி தனக்கு வகுக்கப்பட்ட வழியிலேயே சென்றிருக்கிறது.

முன்னமைவு என்னும் சொல்

பயன்படுத்துவோர் ஒன்றும் மாற்றாதவிடத்துக் கருவி தானே கொள்ளும் அமைவை ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்பர். தமிழில் 'இயல்பிருப்பு' என்றும் 'முன்னிருப்பு' என்றும் எழுதுவாருளர். 'இயல்பு' என்னும் சொல் எனக்கு உடன்பாடன்று. இயல்பு என்பது பொருளோடு உடன்பிறந்தது. இதுவோ யாரோ ஒருவர் ஓரிடத்தில் அமர்ந்து முன்கூட்டியே தீர்மானித்தது. ஆதலின் 'முன்னமைவு' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. தீர்மானித்தவர் தவறு செய்தார் என்பதில்லை. அவர் தம் ஊரை நினைந்து செய்தார்.

ராஸ்ப்பெரி பையில் இது கண்கூடு. அதன் இயங்குதளத்தை நினைவட்டையில் எழுதி, ஒன்றும் மாற்றாமல் இயக்கினால், அது தன்னைப் பிரித்தானியாவில் இருப்பதாகவே கருதும். மொழி பிரித்தானிய ஆங்கிலம், நேரம் லண்டன் நேரம், விசைப்பலகையும் அந்நாட்டினது. லண்டன் நேரம் நம் நேரத்திற்குக் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடைக்காலத்தில் நான்கரை மணியும் பிந்தியது.

இவற்றை மாற்றுவதற்கு 'ராஸ்பி-கான்ஃபிக்' என்னும் பட்டியல்வழி நிரல் ஒன்று உண்டு. முனையத்தில் 'சூடோ' என்ற சொல்லை முன்னிட்டு இப்பெயரை இட்டால் நீலத்திரையில் பட்டியல் விரியும். அதில் 'லோக்கலைசேஷன்' என்னும் பிரிவினுள் மொழி, நேர வலயம், விசைப்பலகை, கம்பியில்லா இணைப்புக்குரிய நாடு என நான்கு உட்பிரிவுகள் காணப்படும்.

இவற்றுள் விசைப்பலகையை முதலில் திருத்துவது நலம். பிரித்தானிய அமைப்பில் இரட்டை மேற்கோள் குறியும், மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியும் இடம் மாறியிருக்கும். எண் மூன்றின் மேல் நாம் எதிர்பார்க்கும் குறிக்கு மாறாகப் பவுன் குறி வரும். கடவுச்சொல் இடும்போது எழுத்துகள் திரையில் தெரிவதில்லை என்பதால் இப்பிழை கண்ணுக்குப் புலப்படாது. சரியான சொல்லையே இட்டும் கருவி மறுக்கிறதே என்று மாணவர் ஒருவர் அரைமணி நேரம் திகைத்து நின்றார். காரணம் அந்த 'அட்' குறிதான்.

நாட்டு அமைவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கம்பியில்லா இணைப்பு வானொலி அலைகளால் நிகழ்வது. எந்த அலைவரிசையை எவ்வளவு வலிமையில் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு நாடும் சட்டத்தால் வரையறுக்கிறது. எனவே, தான் எந்நாட்டில் இருக்கிறது என்று சொல்லப்படும் வரை இக்கருவி தன் கம்பியில்லா இணைப்பைப் பூட்டியே வைத்திருக்கும். பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தால் பூட்டு விலகும்.

கோப்பினுள் ஒளிந்த சென்னை

நேர வலயப் பட்டியலில் ஆசியா என்பதைத் தேர்ந்தால் நகரங்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் சென்னையைத் தேடுவோர் ஏமாறுவர். இந்தியா முழுமைக்கும் கொல்கத்தா என்னும் ஒரு பெயரே உண்டு. உலகெங்கும் கணிப்பொறிகள் பயன்படுத்தும் அந்நேரத் தரவுத்தொகுதி, ஒரே நேரம் வழங்கும் நிலப்பகுதிக்கு அதன் பெருநகர் ஒன்றின் பெயரை இடுவது வழக்கம். மாணவர் ஒருவர், "ஐயா, நம்ம ஊர் பேரே இல்லையே" என்று குறைபட்டுக்கொண்டார்.

ஊர் இருக்கிறது, பெயர்தான் மேலே தெரியவில்லை. கொல்கத்தா என்னும் அக்கோப்பைப் பிரித்துப் பார்த்தால், 1870 முதல் 1906 வரை கிரீன்விச் நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்திய நேரம் ஒன்று பதிவாகியுள்ளது. அதுவே மதராஸ் நேரம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைக்கப்பட்ட வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்பட்ட நேரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகளில் இந்நேரமே வழங்கிற்று. 1906 ஜனவரி முதல் நாள், மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடியாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடிகாரங்கள் ஒரு மணி முன் தள்ளப்பட்டதும் அதே கோப்பில் உள்ளது. பழஞ்சுவடியில் ஏடு புரட்டும்போது ஊர்ப்பெயர் ஒன்று தட்டுப்பட்டால் எழும் மகிழ்ச்சி எனக்கு அன்று உண்டாயிற்று.

மதராஸ் நேரத்திற்கும் இந்திய நேரத்திற்கும் உள்ள வேறுபாடு 8 நிமிடம் 50 நொடி. இது வெறும் வரலாற்றுச் செய்தியன்று. கடிகாரம் இந்திய நேரத்தைப் பின்பற்றுகிறது. கதிரவன் அவ்வாறு பின்பற்றுவதில்லை. தாம்பரம் கிழக்கு 80.1 பாகையை ஒட்டி அமைந்தது. 82.5 பாகைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொலைவைக் கதிரவன் கடக்க ஏறத்தாழ ஒன்பதரை நிமிடம் ஆகும். ஆகவே நம்மூரில் உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 9 நிமிடத்தை ஒட்டியே நிகழ்கிறது. பூமியின் சுற்றுப்பாதை காரணமாக நவம்பர்த் தொடக்கத்தில் அது 11.53 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.24 அளவிலும் அமையும். லுஹர்த் தொழுகையின் நேரம் இதனையே சார்ந்தது.

மூலமும் உரையும்

கடவுச்சொல் தெரியாத நிலையில் நினைவட்டையைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இட்டோம். அதன் தொடக்கப் பகுதி எந்தக் கணிப்பொறியும் படிக்கக்கூடிய வடிவில் உள்ளது. அங்கே 'கான்ஃபிக் டாட் டிஎக்ஸ்டி' என்னும் கோப்பு இருக்கும். 2023 அக்டோபரில் வந்த 'புக்வாம்' பதிப்பு முதல், இயங்கும் கருவியில் அது 'பூட்' அடைவின் 'ஃபர்ம்வேர்' உள்ளடைவில் காணப்படும். திரையின் அளவு, ஒலி, புறக்கருவிகள் ஆகியவற்றுக்கான அமைவுகளை இயங்குதளம் விழிக்கும் முன்னரே கருவி இக்கோப்பிலிருந்து படித்துக்கொள்கிறது.

அக்கோப்பின் நடை ஒரு தமிழாசிரியனுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வரியும் ஒரு நூற்பா. இடப்பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. மிகைச்சொல்லுக்கு இடமில்லை. பகர அடைப்பினுள் வரும் தலைப்புகள் அதிகாரம் போன்றவை. 'பை4' என்று ஒரு தலைப்பு இடப்பட்டால், அதன்பின் வரும் வரிகள் யாவும் நான்காம் வகைக் கருவிக்கு மட்டுமே உரியன; 'ஆல்' என்னும் தலைப்போ வேறொரு தலைப்போ வரும்வரை அவ்வாட்சி தொடரும். நன்னூலார் கூறும் சூத்திர நிலைகள் நான்கனுள் இஃது ஆற்றொழுக்கின்பாற்படும். தவளைப்பாய்த்துக்கு இங்கு வழியில்லை. புதிதாகக் கற்போர், கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அது வேறொரு வகைக்குரிய தலைப்பின் கீழ் விழுந்துவிட்டதை அறியாமல், 'எழுதியும் பயனில்லையே' என்று வருந்துவதுண்டு. அதிகாரம் அறியாமல் நூற்பாவுக்குப் பொருள் காண்பதால் வரும் இடர்ப்பாடே இதுவும்.

வேலிக்குறி எனப்படும் எண்குறியை வரியின் தொடக்கத்தில் இட்டால், கருவி அவ்வரியைப் படியாமல் கடந்துசெல்லும். அது மனிதருக்காக எழுதப்படும் உரை. இந்த வரி ஏன் சேர்க்கப்பட்டது, எந்நாளில், யாரால் என்பனவற்றை அங்கே எழுதிவைக்கலாம். அவ்விளைஞர் மூலத்தைச் செம்மையாகவே எழுதியிருந்தார்; உரை ஒரு வரியும் இல்லை. இருநாள் கழித்துத் தொலைபேசியில் கிடைத்தபோது அவருக்கே கடவுச்சொல் மறந்திருந்தது. அங்கே அவருக்கு இரவுப்பணி. மேலும் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. நினைவட்டையை முற்றிலும் அழித்துப் புதிதாக எழுதினோம். 'ராஸ்ப்பெரி பை இமேஜர்' என்னும் நிரல், எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், நேர வலயம், விசைப்பலகை முதலியவற்றைக் கேட்டுப் பதிந்துகொள்கிறது. முன்பெல்லாம் எல்லாக் கருவிகளுக்கும் 'பை' என்ற ஒரே பயனர் பெயரும் 'ராஸ்ப்பெரி' என்ற ஒரே கடவுச்சொல்லும் முன்னமைவாக இருந்தன. ஊரறிந்த சாவியாகிவிட்ட அந்த முன்னமைவு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது.

கடிகாரக் குறைக்கு ரிச்சி தெருவில் மருந்து கிடைத்தது. 'டிஎஸ்3231' என்னும் கடிகாரச் சில்லும் சிறு மின்கலமும் கொண்ட தொகுதி ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். ஓராண்டில் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குமேல் பிழைபடாத கடிகாரம் அது. பலகையின் ஓரத்திலுள்ள ஊசிகளில் மின்னழுத்தம், தரை, இரு தகவல் இழைகள் என நான்கே இணைப்புகள். ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலின் 'இன்டர்ஃபேஸ்' பிரிவில் 'ஐ2சி' என்பதை இயங்கச்செய்து, கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே' என்று தொடங்கிச் சமக்குறியிட்டு, 'ஐ2சி-ஆர்டிசி' என்றும், காற்புள்ளியிட்டு 'டிஎஸ்3231' என்றும் இடைவெளியின்றி ஒரு வரி சேர்க்கவேண்டும். பின்னர்ப் போலிக் கடிகார நிரலை நீக்கி, இணையம் உள்ளபொழுது சரியான நேரத்தை ஒருமுறை சில்லில் எழுதிவிட்டால் போதும்.

பன்னிரண்டு நிமிடங்கள்

நேரம் சரியாயிற்று, வேலை முடிந்தது என்றே கருதினோம். தொழுகை நேரங்களைக் கணிக்கும் நிரலைப் புதிதாக நிறுவி, ஊரின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இட்டோம். மறுநாள் இமாம் அவர்கள் சுவரில் தொங்கிய அச்சிட்ட கால அட்டவணையோடு பலகையை ஒப்பிட்டுப் பார்த்து, சுப்ஹு நேரத்தைப் பலகை பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் பிந்திக் காட்டுகிறதே என்றார். கடிகாரம் நொடி பிசகவில்லை. பின் என்ன?

சுப்ஹு தொடங்குவது வைகறை வெளிச்சம் அடிவானில் பரவும் பொழுதில். கணிப்பில் அதனைக் கதிரவன் அடிவானுக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கிறது என்று கொண்டு வரையறுப்பர். கராச்சி இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழக முறையில் அது 18 பாகை. உலக முஸ்லிம் லீக் முறையிலும் 18. எகிப்திய முறையில் 19.5, மக்காவின் உம்முல் குரா முறையில் 18.5, வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கம் வகுத்த முறையில் 15. எங்கள் அட்டவணை 18 பாகையைக் கொண்டது. நிரலின் முன்னமைவோ 15. சென்னையின் அகலாங்கில் கதிரவன் ஒரு பாகை எழ நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். மூன்று பாகைக்குப் பன்னிரண்டு நிமிடம் கழிந்துவிடும். நிரலை எழுதியவர் வட அமெரிக்க மக்களை மனத்திற்கொண்டு அவ்வாறு அமைத்திருக்கக்கூடும். அவர்களுக்கு அது பொருந்தும்.

டிசம்பரில் இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். 2024ஆம் ஆண்டின் ரமலான் நோன்பு நம் பகுதியில் மார்ச் 12 அன்று தொடங்கியது. பலகையை நம்பி ஸஹர் உணவை இறுதி நிமிடம் வரை உண்ணும் ஒருவர், தம் ஜமாஅத்து ஏற்றுக்கொண்ட கணிப்பின்படி வைகறை தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் வரை உண்டுகொண்டிருப்பார். ஒரு பட்டியலில் ஓர் எண்ணைப் பார்க்காமல் விட்டதன் விளைவு ஒரு மஹல்லாவின் நோன்பைத் தொடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன். உடனிருந்த மாணவர்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

அஸர் நேரத்திலும் இத்தகைய அமைவு ஒன்றுண்டு. பொருளின் நிழல், உச்சிப்பொழுதின் நிழல் போக, அப்பொருளின் ஒரு மடங்கு நீளும்போது அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ முதலிய மத்ஹபுகளின் முறை. இரு மடங்கு நீளும்போது என்பது ஹனஃபி மத்ஹபின் வழக்கு. நம்மூரில் இவ்விரண்டுக்கும் இடையே முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி வரை வேறுபாடு வரும். சென்னையின் தென்புறநகரில் இரு வழக்கினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். கடற்கரையூர்களிலிருந்து வந்து குடியேறியோருள் ஷாஃபிஈகள் மிகுதி; எங்கள் பள்ளிவாசல் ஹனஃபி வழக்கினது. நிரல் ஒரு மடங்கையே முன்னமைவாகக் கொண்டிருந்தது. அதை மாற்ற ஒரு சொடுக்கு போதும். ஆனால் அச்சொடுக்கு என்னுடைய உரிமையன்று, மாணவர்களுடைய உரிமையுமன்று. இமாமும் ஜமாஅத்தாரும் கூடிச் சொன்ன பின்னரே மாற்றினோம்.

ஹிஜ்ரித் தேதியைக் கணக்கால் காட்டும் நிரலுக்கு, பிறை தென்பட்டதா என்பது தெரியாது. ஒருநாள் கூட்டவோ குறைக்கவோ அதில் இடம் வைத்துள்ளனர். தமிழ்நாடு அரசின் தலைமைக் காஜியார் அறிவிப்புச் செய்த பின்னர் அந்த எண்ணைத் திருத்தவேண்டும்.

ஊர் மாறினால் எண்ணும் மாறும் என்பதை மாணவர்க்கு ஒரு சொல்லால் நினைவூட்டுகிறேன். தாம்பரத்திற்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே வேறுபாடு ஒரு நிமிடம்கூட இல்லை. கோயம்புத்தூரிலோ நண்பகல் சென்னைக்குப் பதின்மூன்று நிமிடம் பிந்தி வருகிறது. விடுமுறையில் ஊருக்குச் செல்வோர் சென்னை அட்டவணையைக் கைப்பையில் கொண்டுசெல்வதால் பயனில்லை.

தமிழில் ஒரு பலகை

ஆர்வ மிகுதியால் நான் செய்த பிழை ஒன்றையும் கூறவேண்டும். கருவியின் மொழி அமைவில் இந்தியத் தமிழுக்குரிய 'டிஏ_ஐஎன்' என்பதைக் கண்டதும், முழுக்கருவியையும் தமிழுக்கு மாற்றிவிட்டேன். மறுமுறை விழித்தபோது ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலில் தமிழ் வரவேண்டிய இடங்களில் கட்டங்களே நின்றன. வெறும் எழுத்துத்திரை அதிகம் போனால் 512 எழுத்துருவங்களை மட்டுமே தாங்கும். உயிர்மெய்க் குறிகளை முன்னும் பின்னும் சேர்த்து எழுதும் ஆற்றலும் அதற்கில்லை. வரைகலைத் திரையில் மட்டுமே தமிழ் ஒழுங்காகத் தோன்றும். அதற்கும் 'லோகித்', 'நோட்டோ' போன்ற தமிழ் எழுத்துருக்களுள் ஒன்றை நிறுவியிருக்கவேண்டும்.

மாணவருள் ஒருவர் கண்டுபிடித்த வழி அழகானது. மொழி அமைவு ஒரே கட்டன்று. நாளும் நேரமும், நாணயம், எண், அகரவரிசை என்று பல கூறுகளாகப் பிரிந்தது. பொதுமொழியை இந்திய ஆங்கிலமாக வைத்து, 'எல்சி_டைம்' என்னும் நேரக் கூற்றை மட்டும் தமிழாக்கினோம். இப்போது பட்டியல்கள் படிக்கும்படி இருக்கின்றன. பலகையில் 'வெள்ளி', 'சனி' என்று நாள்பெயர்கள் தமிழில் வருகின்றன.

அறிவிப்புகளைத் தட்டச்சுச் செய்ய விசைப்பலகைப் பட்டியலில் இந்தியாவின் கீழ்த் 'தமிழ்நெட் 99' உள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய் உருவான விசைப்பலகை அது. ஆயின் இப்பட்டியலில் உள்ளது விசைகளின் இடத்தை மட்டுமே தருகிறது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலதற்குத் தானே புள்ளி இடும் நுட்பம் வேண்டுமெனில் 'ஐபஸ்', 'எம்17என்' என்னும் உள்ளீட்டு நிரல்களை நிறுவவேண்டும். 'பள்ளி' என்று எழுதப் புள்ளியைத் தேடித் தட்டும் தொல்லை அப்போது நீங்கும்.

இவையெல்லாம் தானாக வந்துவிடவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து நடத்திய கட்டற்ற மென்பொருள் தேசிய வளமையம் 2005ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்டது. அதன் வழியே, இந்திய மொழிகளில் இயங்கும் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. தாம்பரத்திலிருந்து மின்தொடரில் ஏறினால் இரண்டாம் நிறுத்தம் குரோம்பேட்டை. நம் மாணவர்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் வழி அது.

குறிப்பேடு

இப்போது எங்கள் பள்ளிவாசல் அலமாரியில் நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்று உள்ளது. முதற் பக்கத்தில் கருவியின் வகை, நினைவட்டை எழுதிய நாள், பயனர் பெயர். கடவுச்சொல் மட்டும் உறையிலிட்டு முத்தவல்லியிடம் தனியே உள்ளது. அடுத்த பக்கங்களில் கான்ஃபிக் கோப்பில் சேர்த்த வரி, அதைச் சேர்த்ததன் காரணம், சுப்ஹுக்கு 18 பாகை, அஸருக்கு இரு மடங்கு, இவற்றை ஜமாஅத்து முடிவுசெய்த நாள். அனைத்தும் தமிழில், மாணவர் ஒருவரின் நல்ல கையெழுத்தில். கடிகாரத் தொகுதியின் மின்கலத்தை எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு வரி காலியாக விடப்பட்டுள்ளது. பிறை அறிவிப்புக்குப் பின் ஹிஜ்ரி எண்ணைத் திருத்துபவர் அருகில் தம் பெயரை எழுதவேண்டும் என்பது இமாம் அவர்களின் ஏற்பாடு. கடைசியாக அங்கே ஒப்பமிட்டிருப்பவர் மோதினார்.